ஆக்னஸ் வர்தா: கதிர் பொறுக்கிய கேமரா

ஆக்னஸ் வர்தா (30 மே 1928 – 29 மார்ச் 2019) பெல்ஜியத்தில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த திரைப்பட இயக்குநர், புகைப்படக் கலைஞர். பிரெஞ்சுப் புதிய அலைக்கு முன்னோடி என்று இன்று கொண்டாடப்படும் படத்தை 1954-இல், தம் இருபத்தாறாம் வயதில் எடுத்தவர். தம் நீண்ட திரைவாழ்வின் பெரும்பகுதியைத் தமது சிறிய நிறுவனத்தைக் கொண்டே நடத்தியவர்.

இக்கட்டுரை அவருடைய முழு வாழ்க்கை வரலாறு அன்று. 1995-இல் ஒரு பெரிய படம் தோற்றது. அதன்பின் ஐந்து ஆண்டுகள் அவரிடமிருந்து புதிய முழுநீளப் படம் எதுவும் வரவில்லை. எழுபது வயதைக் கடந்த நிலையில், கையில் அடங்கும் ஒரு டிஜிட்டல் கேமராவோடு அவர் மறுபடியும் புறப்பட்டார். அந்தப் பயணத்தில் உருவான "கதிர் பொறுக்குவோரும் நானும்" (2000) என்ற ஆவணப்படம் அவருக்கு இன்னொரு இருபது ஆண்டுக் கலைவாழ்வைத் திறந்துவிட்டது. அது எப்படி நேர்ந்தது என்பதே இங்கு பேசப்படுவது.

தன் நிறுவனம், தன் நட்டம்

ஸ்டூடியோவிலோ பெரிய தயாரிப்பு நிறுவனத்திலோ வேலை பார்க்கும் இயக்குநருக்கு ஒரு படம் தோற்றாலும், அடுத்த வாய்ப்பைத் தருவதும் மறுப்பதும் வேறு ஒருவர் கையில் இருக்கும். தனித்து இயங்கும் இயக்குநரின் நிலை வேறு. அவரை யாரும் கூப்பிடுவதில்லை. எதை எடுப்பது, ஏன் எடுப்பது என்ற கேள்விக்கு அவரே பதில் சொல்லி, அந்தப் பதிலை நம்பிப் பணம் தருபவர்களையும் அவரே தேட வேண்டும். பதில் தோன்றாத நாட்களில் அலுவலகக் கதவு திறந்திருக்கும், வேலை மட்டும் இருக்காது.

வர்தா இந்த வழியைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்துக்கொண்டார். அவர் திரைப்படம் படித்தவர் அல்லர். ழான் விலாரின் தேசிய மக்கள் நாடக அரங்கில் புகைப்படக் கலைஞராக வேலை பார்த்துவந்தார். இளமையில் தாம் பார்த்த படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். போர்க்காலத்தில் அவர் குடும்பம் தங்கியிருந்த செத் என்ற தென்பிரெஞ்சுத் துறைமுக ஊரின் மீனவர் குடியிருப்பில் "லா புவாந்த் கூர்த்" படத்தை எடுத்தார். தாமாரி என்ற பெயரில் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, நடிகர்களையும் தொழில்நுட்பக் கலைஞர்களையும் பங்குதாரர்களாகச் சேர்த்துக்கொண்டார். படம் சம்பாதித்தால் பங்கு என்பது ஏற்பாடு. அந்தப் பங்கு அவர்கள் கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. படத்தொகுப்பைச் செய்தவர் அலென் ரெனே. கோதாரும் த்ரூஃபோவும் தங்கள் முதல் முழுநீளப் படங்களை எடுப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இது நடந்துவிட்டது.

"சினே-தாமாரி" என்று பின்னர் பெயர் மாறிய அந்த நிறுவனம், பாரிஸ் நகரின் தாகேர் தெருவில் அவருடைய வீட்டோடு ஒட்டியே இயங்கியது. வீடு, அலுவலகம், படத்தொகுப்பு அறை எல்லாம் ஒரே இடத்தில். படங்களின் உரிமையும் அவரிடமே இருந்தது. இது பெரிய சுதந்திரம்தான். படம் ஓடாதபோது அதன் சுமை இறங்குவதும் அதே வீட்டில்தான்.

இதற்கு முன்னும் வழி தவறியிருக்கிறது

1995-இன் தோல்வி முதல் தோல்வி அன்று. "கிளியோ 5 முதல் 7 வரை" (1962) பெற்றுத் தந்த புகழுக்குப் பின், கத்ரீன் தெனவ், மிஷெல் பிக்கோலி என்ற இரு பெரும் நடிகர்களை வைத்து "லே கிரெயாத்யூர்" (1966) என்ற படத்தை எடுத்தார். தலைப்பின் பொருள் "உயிரினங்கள்". நுவார்முத்தியே தீவில் எடுக்கப்பட்ட அந்தப் படம் மக்களிடம் எடுபடவில்லை. அதன் சுருள்கள் டப்பாக்களுக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. அவற்றுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதைக் கட்டுரையின் இறுதியில் பார்ப்போம்.

அடுத்த தடை வேறு வகையானது. 1972-இல் மகன் மத்தியே பிறந்தபின் வீட்டை விட்டு நெடுநாள் விலகியிருக்க அவரால் முடியவில்லை. ஜெர்மன் தொலைக்காட்சி ஒன்றுக்காகப் படம் எடுக்கும் வாய்ப்பு வந்தபோது, வீட்டு மின்மானியிலிருந்து நீளமான ஒரு மின்கம்பியை இழுத்தார். நூறு மீட்டரைக்கூட எட்டாத கம்பி அது. அது எட்டும் தூரத்துக்குள் உள்ள கடைகளை மட்டுமே படமாக்குவது என்று முடிவு செய்தார். ரொட்டிக்கடைக்காரர், இறைச்சிக்கடைக்காரர், தையற்காரர், அத்தர் விற்கும் முதிய தம்பதி என்று அவர் தெருவாசிகளே பாத்திரங்கள் ஆயினர். "தாகெரெயோடைப்" என்ற அந்தப் படம் இன்றும் பேசப்படுகிறது. தெருவுக்குப் பெயர் தந்த தாகேர் புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர் என்பதும் அந்தத் தலைப்புக்குள் இருக்கிறது. குழந்தையால் வந்த கட்டுப்பாட்டை ஒரு மின்கம்பியின் நீளமாக மாற்றி, அதையே படத்தின் விதியாக்கிக்கொண்டார் என்று சொல்லலாம். பின்னாளில் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தக் கம்பியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1979 முதல் 1981 வரை அவர் லாஸ் ஏஞ்சலஸில் இருந்தார். அங்கு எடுக்க நினைத்த ஒரு பெரிய படம் கைகூடவில்லை. கணவரும் இயக்குநருமான ழாக் தெமியைப் பிரிந்து, மகனுடன் தனியே இருந்த காலம் அது. அப்போதும் கண்முன் இருந்ததையே எடுத்தார். நகரச் சுவர்களில் மக்கள் தீட்டிய பெரும் ஓவியங்களைப் பற்றி "மியூர் மியூர்". அதே நகரில் மகனுடன் தங்க இடம் தேடும் ஒரு பிரெஞ்சுப் பெண்ணைப் பற்றி "தொக்யுமாந்தர்". இரண்டாவது தலைப்பு, ஆவணப்படம் என்பதற்கும் பொய்யர் என்பதற்கும் உரிய பிரெஞ்சுச் சொற்களை ஒட்டவைத்த சிலேடை. படத்தில் அந்தப் பெண்ணின் மகனாக நடித்தவர் மத்தியேதான். கதையென்று சொல்லிக்கொண்டு தன் தனிமையை அதில் பதிவு செய்துவிட்டார்.

பிரான்சுக்குத் திரும்பியபின் எடுத்த "கூரையுமில்லை, சட்டமுமில்லை" (1985) வெனிஸ் விழாவில் தங்கச் சிங்க விருதைப் பெற்றது. குளிரில் விறைத்து ஒரு பள்ளத்தில் இறந்து கிடக்கும் நாடோடிப் பெண்ணின் கடைசி வாரங்களை, அவளைச் சந்தித்தவர்களின் சொற்களைக் கொண்டு திரும்பக் கட்டும் படம். வர்தாவின் புனைகதைப் படங்களில் இதுவே சிறந்தது என்பது என் எண்ணம்.

ஒரு மரணமும் ஒரு விருந்தும்

ழாக் தெமி பின்னர் வர்தாவுடன் மீண்டும் சேர்ந்து வாழ்ந்தார். 1990-இல் அவர் கடுமையாக நோயுற்றிருந்தபோது, அவருடைய சிறுவயது நினைவுகளை வைத்து "நாந்த்தின் ழாக்கோ" படத்தை வர்தா எடுத்தார். பிள்ளைப் பருவத்தில் சினிமாப் பித்துக் கொண்ட ஒரு மெக்கானிக்கின் மகனைப் பற்றிய கதைக்கு நடுவே, நோயாளியான தெமியின் தோல், முடி, கை, கண் ஆகியவை மிக அண்மைக் காட்சிகளாக வரும். படப்பிடிப்பு நடந்த இடங்களுக்குத் தெமியும் வந்திருந்தார். 1990 அக்டோபர் 27-இல் அவர் இறந்தார். எய்ட்ஸ் நோயால் இறந்தார் என்பதை வர்தா வெளிப்படையாகச் சொன்னது 2008-இல்தான்.

அடுத்த சில ஆண்டுகள் தெமியின் நினைவுக்கே போயின. அவருடைய படங்களை மீட்டெடுப்பது, அவரைப் பற்றி ஆவணப்படங்கள் எடுப்பது என்று காலம் சென்றது. தன் படம் என்று சொல்லத்தக்க அடுத்த பெரிய முயற்சி, சினிமாவின் நூற்றாண்டை ஒட்டி 1995-இல் வந்த "நூற்றொரு இரவுகள்". நூறு வயதான "திருவாளர் சினிமா" என்ற கிழவர், மறந்துபோன படங்களைத் தமக்கு நினைவூட்டிக் கதை பேச ஓர் இளம்பெண்ணை அமர்த்திக்கொள்கிறார். கிழவராக மிஷெல் பிக்கோலி. வந்துபோகும் விருந்தாளிகளாக மார்செல்லோ மாஸ்ட்ரோயானி, கத்ரீன் தெனவ், அலென் தெலோன், ழான்-போல் பெல்மோந்தோ, ராபர்ட் டி நீரோ என்று பட்டியல் நீள்கிறது.

படம் ஓடவில்லை. காரணத்தைத் தேடி அதிகம் அலைய வேண்டியதில்லை என்று தோன்றுகிறது. வர்தாவின் நல்ல படங்களில் அவர் ஒருவரிடம் போய் நின்று, அவர் வாயிலிருந்து வரும் சொல்லுக்காகக் காத்திருப்பார். இங்கு எல்லோரும் ஏற்கெனவே தெரிந்த முகங்கள். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு ஒன்றும் இல்லை. நூற்றாண்டு விழா என்ற காரணம் வெளியிலிருந்து வந்தது. அதைத் தமது காரணமாக அவரால் மாற்ற முடியவில்லை. விருந்து கலைந்தபின் வீட்டில் மிஞ்சியது நட்டம்.

அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு. கணவர் இல்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். இத்துடன் ஒதுங்கியிருந்தால், முன்னோடி இயக்குநர் என்ற பெயரும் பழைய படங்களின் திரையிடல்களுமாக மீதிக் காலம் கௌரவமாகவே கழிந்திருக்கும்.

சந்தை கலைந்த பிறகு

பாரிஸில் தெருச்சந்தைகள் மதியத்தோடு முடியும். வியாபாரிகள் கடையைக் கட்டிய பின், துப்புரவு வண்டி வருவதற்குள், சிலர் வந்து குனிந்து தரையில் கிடக்கும் காய், பழம், கீரைகளைப் பொறுக்கிக்கொண்டு போவார்கள். அந்தக் குனிதல் வர்தாவின் கண்ணில் பட்டது. அதே குனிதலை அவர் ஓர் ஓவியத்தில் பார்த்திருந்தார். ழான்-பிரான்சுவா மில்லே 1857-இல் தீட்டிய "கதிர் பொறுக்கும் பெண்கள்" பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் மூன்று பெண்கள் சிந்திய கதிர்களைச் சேகரிக்கிறார்கள். இருவர் இடுப்பை முற்றும் வளைத்தும் ஒருத்தி பாதி நிமிர்ந்தும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வயலில் குனிந்தவர்களுக்கும் இன்று நகரத் தார்ச்சாலையில் குனிபவர்களுக்கும் இடையே என்ன உறவு? படம் இந்தக் கேள்வியில் தொடங்குகிறது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் இந்த வேலைக்கு உரிய வினை "கிளானே". தமிழில் கதிர் பொறுக்குதல் என்பது அதற்கு நேரான சொல். ஆனால் "பொறுக்கி" என்று பெயராக்கினால் நம் மொழியில் அது வசையாகிவிடுகிறது. பிறர் விட்டதை எடுத்து வாழ்பவரைப் பற்றி மொழிக்குள் படிந்திருக்கும் ஏளனத்தை அந்த ஒரு சொல் காட்டிக்கொடுக்கிறது. வர்தாவின் படம் எதிர்த்து நிற்பது இந்த வகை ஏளனத்தைத்தான்.

சந்தைக் காட்சியோடு இரண்டாவது தூண்டுதலும் சேர்ந்தது. 1990-களின் பிற்பாதியில் மினி டிவி என்ற சிறு கேசட்டில் பதிவு செய்யும் டிஜிட்டல் கேமராக்கள் கடைகளில் கிடைக்கத் தொடங்கின. 16 மி.மீ. படச்சுருளின் வழக்கமான ஒரு டப்பா ஏறக்குறைய பதினொரு நிமிடம் ஓடும். அதற்குமேல் கழுவும் செலவு, பிரதி எடுக்கும் செலவு. சிறு கேசட் ஒன்று ஒரு மணி நேரம் ஓடும், விலையும் அற்பம். டென்மார்க்கின் தோமஸ் விந்தர்பெர்க் "ஃபெஸ்டன்" (1998) படத்தை இப்படிப்பட்ட சிறு கேமராவில் எடுத்துக் காட்டியிருந்தார். வர்தாவுக்கு இதில் பிடித்தது விலை மட்டும் அன்று. ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையைப் படமெடுக்க முடிந்தது அவரை ஈர்த்தது. யாருக்கும் விளக்கம் சொல்லாமல், ஒளிப்பதிவாளரை அழைக்காமல், தோன்றியவுடன் எடுக்கலாம். 1950-களில் தனியே புகைப்படக் கருவியோடு சுற்றிய காலத்துக்குத் திரும்பிப் போனதைப் போல் அவருக்கு இருந்தது.

1999 செப்டம்பர் முதல் 2000 வசந்தம் வரை படப்பிடிப்பு விட்டுவிட்டு நடந்தது. சில நாட்கள் சிறு குழுவோடு பெரிய கேமராவில். சில நாட்கள் அவர் மட்டும் சிறு கேமராவில். எடுத்ததைக் கொண்டுவந்து தொகுப்பார், அதற்குரிய வருணனையை எழுதுவார், என்ன குறைகிறது என்று பார்த்துவிட்டு மறுபடியும் கிளம்புவார். முழுத் திரைக்கதையை எழுதிப் பணம் வாங்கிப் பிறகு எடுப்பது என்ற வழக்கமான ஒழுங்கு இதில் தலைகீழானது. எதைத் தேடுகிறோம் என்பது எடுக்க எடுக்கத்தான் தெரிந்தது. வழி தொலைத்தவருக்கு இந்த முறையில் ஒரு வசதி உண்டு. போகும் இடம் தெரிந்தால்தான் புறப்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதய வடிவ உருளைக்கிழங்கு

படம் அகராதியில் தொடங்குகிறது. "கிளானே" என்ற சொல்லுக்கு என்ன பொருள் தரப்பட்டிருக்கிறது என்று புரட்டிப் பார்க்கிறார். பக்கத்தில் அவருடைய பூனை உட்கார்ந்திருக்கிறது. பிறகு மில்லேயின் ஓவியம். அடுத்து அர்ராஸ் நகர அருங்காட்சியகத்தில் ழூல் பிரெத்தோன் 1877-இல் தீட்டிய, கதிர்க்கட்டைத் தோளில் சுமந்து நிமிர்ந்து நிற்கும் பெண்ணின் ஓவியம். அதன் பக்கத்தில் வர்தாவும் தோளில் கதிர்க்கட்டோடு நிற்கிறார். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டுக் கேமராவைக் கையில் எடுக்கிறார். படத்தின் பிரெஞ்சுத் தலைப்பில் "கதிர் பொறுக்குவோர்" என்ற பன்மையும் "கதிர் பொறுக்குபவள்" என்ற ஒருமையும் அடுத்தடுத்து வருகின்றன. அந்த ஒருத்தி யார் என்பது இந்தக் காட்சியில் தெரிகிறது.

வடபிரான்சின் உருளைக்கிழங்கு வயல்களுக்குப் போகிறார். அளவு மிகப் பெரிதானவை, மிகச் சிறியவை, கோணலானவை, வெட்டுப்பட்டவை எல்லாம் கடைக்குப் போக மாட்டா. லாரி லாரியாகக் கொண்டுவந்து வயலில் கொட்டப்படுகின்றன. சில நாட்களில் வெயில் பட்டுப் பச்சையாகிவிடும், பிறகு உண்ண உதவாது. விவரம் தெரிந்தவர்கள் அதற்குள் வந்து பொறுக்கிக்கொள்கிறார்கள். அந்தக் குவியலில் ஒருவருக்கு இதய வடிவில் ஒரு கிழங்கு கிடைக்கிறது. வர்தா அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். மேலும் சிலவற்றைத் தாமே தேடி எடுக்கிறார். வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்துப் படமெடுக்கிறார். விற்பனைக்கு ஆகாது என்று கழிக்கப்பட்ட வடிவம் அவருக்கு அந்த ஆண்டின் பெரிய கண்டுபிடிப்பாகிவிட்டது. ஏழைகளுக்கு உணவளிக்கும் "ரெஸ்தோ தியு கேர்" அமைப்பினர் வந்து அதே வயலில் கிழங்கு சேகரிப்பதையும் படம் காட்டுகிறது. அந்த அமைப்பின் பெயரிலும் இதயம் என்ற சொல் இருப்பது தற்செயல்.

வயலோரத்தில் பழைய கேரவன் வண்டியில் வாழும், வேலையிழந்த லாரி ஓட்டுநர் ஒருவர் வருகிறார். குடிப் பழக்கம், வேலை, குடும்பம் என்று வரிசையாகத் தான் இழந்ததைச் சொல்கிறார். வர்தா தடுப்பதும் இல்லை, தேற்றுவதும் இல்லை. வேறோர் இடத்தில், கருப்பு அங்கி அணிந்த வழக்கறிஞர் ஒருவர் கையில் சிவப்புச் சட்டப் புத்தகத்துடன் காய்கறி வயலின் நடுவே நின்று, அறுவடைக்குப் பின் சூரிய உதயத்திலிருந்து மறைவு வரை பொறுக்கும் உரிமை 1554-ஆம் ஆண்டின் அரச ஆணை முதல் ஏழைகளுக்கு உண்டு என்று விளக்குகிறார். சட்டம் பேசுபவரை அலுவலகத்தில் உட்காரவைக்காமல் வயலில் நிற்கவைத்தது வர்தாவின் குறும்பு. நுவார்முத்தியே தீவில் புயலுக்குப் பின் பண்ணைகளிலிருந்து அடித்துவரப்படும் சிப்பிகளை மக்கள் எடுக்கிறார்கள். பண்ணை எல்லையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி, எத்தனை கிலோ எடுக்கலாம் என்று கேட்டால், ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள்! உரிமை என்பது சட்டப் புத்தகத்தில் ஒன்றாகவும் கடற்கரையில் பலவாகவும் இருக்கிறது.

படம் முழுவதும் இப்படியே. தெருவில் கிடந்த முள் இல்லாத கடிகாரத்தை எடுத்துவந்து வீட்டில் வைக்கிறார். நேரம் போவது தெரியாத அந்தக் கடிகாரம் தமக்கு ஏற்றது என்கிறார். ஒழுகிக் கறைபட்ட கூரையைப் பார்த்துப் பிளம்பரைப் பற்றிப் புலம்பாமல், அதைத் தாப்பியெஸின் அரூப ஓவியத்தோடு ஒப்பிட்டுச் சட்டம் போட்டுக் காட்டுகிறார். ஒருமுறை கேமராவை அணைக்க மறந்துவிட, கீழே தொங்கிய லென்ஸ் மூடி ஆடியாடிப் பதிவாகிவிட்டது. எவரும் வெட்டி எறியும் துண்டு அது. வர்தா அதற்கு ஜாஸ் இசை சேர்த்து, மூடியின் நடனமாகப் படத்தில் வைத்துக்கொண்டார். பொருள் எதுவோ அதுவே முறை: வீணான காட்சியையும் பொறுக்கி எடுத்துச் சேர்த்துவிட்டார்.

எனக்கு மிகவும் மனத்தில் நின்றவர் பாரிஸ் சந்தையில் வரும் ஓர் இளைஞர். தரையில் கிடக்கும் கீரையையும் ஆப்பிளையும் அங்கேயே நின்று தின்றுகொண்டிருக்கிறார். வர்தா உடனே அணுகிப் பேசிவிடவில்லை. பலமுறை பார்த்தபிறகே பேச்சுக் கொடுக்கிறார். உயிரியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர்; ரயில் நிலையத்தின் முன் தெருப் பத்திரிகை விற்கிறார்; புறநகரில் ஒரு விடுதியில் தங்கியிருக்கிறார். மாலையில் அந்த விடுதியில் வாழும் மாலி, செனகல் நாட்டுக் குடியேறிகளுக்குச் சம்பளமில்லாமல் பிரெஞ்சு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறார். அந்த வகுப்பில் கேமரா நெடுநேரம் இருக்கிறது. குனிந்து பொறுக்கிய ஒருவரோடு தொடங்கிய படம், கரும்பலகை முன் நிமிர்ந்து நிற்கும் அதே மனிதரிடம் வந்துசேர்கிறது.

பார்வையாளர் சுட்டிய ஒன்று

படத்தில் வர்தா தம் கையையும் படமெடுக்கிறார். ஜப்பான் பயணத்திலிருந்து கொண்டுவந்த பொருள்களைப் பிரிக்கும்போது ரெம்பிராண்ட் ஓவிய அஞ்சலட்டைகள் வெளிவருகின்றன. அவற்றின் மேல் நகரும் கேமரா அப்படியே அவருடைய சுருக்கம் விழுந்த கையின் மேல் படிகிறது. நரைத்த தலைமுடி வேரையும் காட்டுகிறார். முதுமை தம்மை அச்சுறுத்துவதை மறைப்பதில்லை.

"இரண்டு ஆண்டுகளுக்குப் பின்" (2002) என்ற தொடர்ச்சிப் படத்தில் இது பற்றி ஒரு விஷயம் வருகிறது. முதல் படத்தைப் பார்த்த ஏராளமானோர் அவருக்குக் கடிதமும் கைவேலைப் பொருள்களும் அனுப்பினர். அவர்களில் சிலரையும் முதல் படத்தில் வந்தவர்களையும் மீண்டும் தேடிப் போகிறார். அப்போது ஒருவர், பத்து ஆண்டுகளுக்கு முன் தெமியின் தோலையும் கையையும் படமெடுத்த அதே விதத்தில் வர்தா இப்போது தம் கையைப் படமெடுத்திருக்கிறார் என்று சுட்டுகிறார். அதுவரை அது தமக்குத் தோன்றவே இல்லை என்கிறார் வர்தா. ஐந்து ஆண்டுகளாக எதை எடுப்பது என்று தெரியாமல் இருந்தவரின் கை, அவருக்கே தெரியாமல், விட்ட இடத்தைத் தேடிப் போயிருந்தது.

அதே தொடர்ச்சிப் படத்தில், சந்தையில் கீரை தின்ற இளைஞர் முதல் படத்தைப் பற்றித் தன் கருத்தைச் சொல்கிறார். படம் நன்றாக இருக்கிறது, ஆனால் வர்தா தன்னைப் பற்றிக் காட்டிய பகுதிகள் தேவையில்லை என்பது அவர் எண்ணம். வர்தா அதை வெட்டாமல் வைத்திருக்கிறார். அந்தக் குறை எளிதில் தள்ளிவிடத்தக்கது அன்று. பசிக்காகக் குனிபவரையும் படத்துக்காகக் குனிபவரையும் ஒரே சொல்லால் அழைப்பது நியாயமா? பாரிஸில் சொந்த வீடும் அலுவலகமும் உள்ளவர், கூரையற்றவரைத் தமக்கு உறவாக்கிக்கொள்ளலாமா? படம் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் தம் கையைக் காட்டாமல் பிறர் கையை மட்டும் காட்டியிருந்தால், அது இன்னும் மோசமான படமாக இருந்திருக்கும்.

சிறிய கேமராதான் வர்தாவை மீட்டது என்று சுருக்கமாகச் சொல்வாரும் உண்டு. அதே ஆண்டுகளில் அதே கேமராவை வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மின்கம்பி எட்டும் தூரத்துக்குள் படமெடுத்த அனுபவம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே அவரிடம் இருந்தது. புதிய கருவி அந்தப் பழைய பழக்கத்தைத் தட்டி எழுப்பியது என்பதே பொருத்தம். இன்னொன்று, அவர் தேடிப் போனவர்கள் யாரும் அவருடைய படைப்புச் சிக்கலைப் பற்றி அறியாதவர்கள். அவர்களுக்குச் சொல்ல வேறு செய்திகள் இருந்தன. அவற்றைக் கேட்டுக்கொண்டிருந்ததில் தம் கேள்வியை அவர் சிறிது நேரம் மறந்திருக்கக்கூடும்.

தோல்வியில் கட்டிய குடில்

"கதிர் பொறுக்குவோரும் நானும்" 2000-ஆம் ஆண்டு கான் விழாவில் போட்டிக்கு வெளியே திரையிடப்பட்டது. 2014-இல் பிரித்தானிய இதழான "சைட் அண்ட் சவுண்ட்" நடத்திய வாக்கெடுப்பில், எல்லாக் காலத்துக்குமான ஆவணப்படங்களுள் எட்டாம் இடத்தைப் பெற்றது. அந்தப் படத்தோடு வர்தாவுக்கு வேறொரு கதவும் திறந்தது. 2003-இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் "பத்தாத்யுதோப்பியா" என்ற நிறுவல் கலைப்படைப்பை வைத்தார்: மூன்று திரைகளில் முளைவிட்டும் வாடியும் போகும் இதய வடிவக் கிழங்குகள், தரையில் 700 கிலோ உண்மையான உருளைக்கிழங்கு. வாசலில் உருளைக்கிழங்கு வேடமணிந்து நின்றவர் எழுபத்தைந்து வயதான வர்தாவேதான். பின்னர் நுவார்முத்தியே தீவின் விதவைகளைப் பற்றி ஒரு நிறுவல், தம் வாழ்வைப் பற்றி "ஆக்னஸின் கடற்கரைகள்" (2008), ஜே.ஆர். என்ற இளம் தெருக்கலைஞரோடு ஊர் ஊராகச் சென்று எடுத்த "முகங்கள், ஊர்கள்" (2017). இந்தக் கடைசிப் படத்துக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது அவருக்கு வயது எண்பத்தொன்பது. அதற்குச் சில மாதங்கள் முன்பே கௌரவ ஆஸ்கரும் பெற்றிருந்தார்.

2006-இல் பாரிஸின் கார்த்தியே அறக்கட்டளையில் அவருடைய கண்காட்சி நடந்தது. அதில் ஒரு குடில் இருந்தது. இரும்புச் சட்டங்களில் வரிசையாகத் தொங்கவிட்ட படச்சுருள்களே அதன் சுவர், அவையே கூரை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் யாரும் பார்க்க வராத "லே கிரெயாத்யூர்" படத்தின் பிரதிகள் அவை. அதற்கு அவர் முதலில் வைத்த பெயர் "தோல்வியின் குடில்". பின்னர் அது "சினிமாவின் குடில்" என்று பெயர் மாறியது. வெளிச்சம் சுருள்களின் வழியே உள்ளே வரும்போது தெனவ், பிக்கோலி ஆகியோரின் சின்னஞ்சிறு முகங்கள் ஆயிரக்கணக்கில் ஒளிரும். "ஆக்னஸின் கடற்கரைகள்" முடிவதற்குச் சற்று முன் வர்தா இந்தக் குடிலுக்குள் வந்து, அடுக்கிவைத்த படச்சுருள் டப்பாக்களின் மேல் உட்கார்ந்துகொள்கிறார்.